உள்ளே விட்ட துணி

அரிசி மூட்டை பிரிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு நொடி வேலை. சரியான முனையில் இருக்கும் நூலைப் பிடித்து இழுத்தால், மூட்டையின் முழு அகலத்துக்கும் தையல் சரசரவென்று கழன்று கையோடு வந்துவிடும். தெரியாதவர் மறுமுனையில் இழுத்து முடிச்சாக்கிவிட்டுக் கத்தியைத் தேடுவார். சட்டையின் பக்கத் தையலிடம் இந்த வித்தை பலிக்காது. எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் நாலு தையல் சுருங்கும், அவ்வளவுதான். பிளேடை வைத்து ஒவ்வொன்றாக அறுத்தெடுக்க வேண்டும். இரண்டுமே மெஷின் தையல்தான்; நூல் மாட்டிக்கொள்ளும் விதம் வேறு.

மூட்டையில் இருப்பது சங்கிலித் தையல். நூல் ஒரு வளையமாகிறது, அடுத்த வளையம் அதற்குள் நுழைந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, அதை அதற்கடுத்தது. கடைசி வளையத்தை விடுவித்தால், பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் வரிசையாக எல்லாம் அவிழும். 1830இல் பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே காப்புரிமை பெற்ற இயந்திரம் இந்தத் தையலைத்தான் போட்டது. பாரிஸில் ராணுவச் சீருடை தைப்பதற்காக அவர் வைத்திருந்த இயந்திரங்களை, பிழைப்புப் போய்விடுமென்று பயந்த தையற்காரர்கள் கும்பலாகப் புகுந்து உடைத்தார்கள்.

இன்று வீடுகளில் இருக்கும் மெஷின் போடுவது 1846இல் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் காப்புரிமை வாங்கிய வகைத் தையல். ஐசக் சிங்கர் 1851இல் அதைச் சாதாரண ஆட்கள் பழகும்படி செய்தார். இதில் இரண்டு நூல்கள்: மேல்நூல் ஊசியில், கீழ்நூல் பாபினில். கை ஊசிக்கு மேல்முனையில் இருக்கும் காது இங்கே கூர்முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூட்சுமத்தில் பாதி அதுதான். ஊசி துணிக்குக் கீழே போய்விட்டுச் சற்றே மேலெழும்பும்போது, துணியின் உராய்வால் நூல் கூடவே ஏறாமல், ஊசிக்குப் பின்னால் சின்ன வளையமாகத் தளர்ந்து நிற்கிறது. அந்தக் கணத்தில் கொக்கி முனை வந்து வளையத்தைப் பிடித்து, அகட்டி, பாபின் கேஸைச் சுற்றி எடுத்துப்போகிறது. அதாவது ஒவ்வொரு தையலுக்கும் பாபின் மொத்தமும் அந்த வளையத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. பிறகு மேல்நூல் சுண்டி இழுக்கப்பட, இரண்டு நூல்களும் துணியின் தடிமனுக்கு நடுவில் ஒன்றையொன்று மாட்டிக்கொள்கின்றன. டென்ஷன் திருகைத் திருப்பும்போது நாம் சரிசெய்வது இந்த மாட்டும் இடத்தை. அது நடுவில் விழாமல் மேலேயோ கீழேயோ நழுவினால் ஒருபக்க நூல் கம்பிபோல நேராகக் கிடக்கும், இழுத்தால் உருவிக்கொண்டு வரும்.

இயந்திரங்கள் விஷயத்தில் கறாராக இருந்த காந்தியே 1924இல் சிங்கர் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனிதர் கண்டுபிடித்தவற்றில் உருப்படியான சிலவற்றுள் அதுவும் ஒன்று என்று நினைத்தார்.

இரண்டு நூல் மாட்டும் இந்தத் தையலின் பலம் ஓரிடத்தில் அறுந்தாலும் மற்ற இடம் நிற்பது. பலவீனம், அது இழுபடாது. ஒரு சென்டிமீட்டர் நேர்த்தையலுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நூல்தான் செலவாகிறது. நீள்வதற்குக் கையிருப்பு கிடையாது. பனியன் துணிகளின் ஓரத்தை மூட்டும் மூன்று நூல் ஓவர்லாக் தையலில் அதே ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 14 சென்டிமீட்டர் நூல் போகிறது. அவ்வளவு நூலும் வளைந்து நெளிந்து கிடப்பதால் பனியன் துணி நீளும்போது தையலும் கூடவே நீள்கிறது. டீ-ஷர்ட்டின் பக்கம் பிரிந்துபோனதென்று வீட்டு மெஷினில் நேராக ஓட்டிவிட்டுத் தலைவழியாக மாட்டினால் 'டப்' என்று அறுவதற்குக் காரணம் இதுதான். ஜிக்ஜாக் ஓட்டினால் தாங்கும்.

தையலைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம், நாம் 'கிழிந்துவிட்டது' என்று தூக்கிப்போடும் உடைகளில் பாதிக்குக் கிழிசலே இல்லை என்பது. தையல் விட்டிருக்கும். எலாஸ்டிக் தொய்ந்திருக்கும். ஜிப் பல்லிளித்திருக்கும். நிஜமாகவே துணி போயிருந்தாலும் ஓரிரு இடங்களில்தான் போயிருக்கும்: சட்டையில் காலர் மடிப்பு, பேண்ட்டில் தொடைச் சந்து, சுடிதாரில் அக்குள், கைலியில் உட்காரும் இடம். நைந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துவிடலாம். மீதி ஒன்றரை இரண்டு மீட்டரில் ஒரு குறையும் இருக்காது. ஒரு மனிதருக்கு முழங்கால் வலி என்பதற்காக ஆளையே அடக்கம் செய்வதில்லை. துணியை மட்டும் செய்கிறோம்.

அந்த நல்ல மீதிக்கு என்ன விலை கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கத் திருப்பூர்ப் பக்கம் போக வேண்டும். பருத்தி என்பது கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். அதற்கு இன்று பெரும்பாலும் ஏற்றுவது ரியாக்டிவ் சாயம். அது செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்வதால் எளிதில் வெளுக்காது. ஆனால் தண்ணீரில் பருத்தி இழையின் மேற்பரப்பும் சாய மூலக்கூறும் எதிர்மின்னூட்டம் கொண்டவை; ஒன்றையொன்று தள்ளும். இந்தத் தள்ளலை அடக்கச் சாயத்தண்ணீரில் உப்பைக் கொட்டுகிறார்கள், லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 100 கிராம் வரை, அடர்நிறமாக இருந்தால் அதிகம். இதில் துணியில் தங்குவது ஒன்றுமில்லை. போட்ட உப்பு மொத்தமும் கழிவுநீரில் போகிறது. சாயத்திலும் ஒரு பங்கு செல்லுலோஸைப் பிடிக்காமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிறது. கழிவுநீரில் உள்ள கரிமப் பொருள்களை நுண்ணுயிரிகளை விட்டுச் சிதைக்கலாம். உப்பைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிரி கிடையாது.

பாசனத்துக்காக, திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தொட்டியாயிற்று. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடு என்று கேட்க வேண்டிய விவசாயிகள் திறக்காதே என்று போராடினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றாயிற்று. சவ்வூடு வடிகட்டி, மிஞ்சும் அடர்ந்த உப்புநீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குகிறார்கள். ஆற்றைக் காப்பாற்ற மின்சாரமும் விறகும் செலவாகின்றன. இத்தனைக்குப் பிறகும் எதற்கும் உதவாத கலப்பு உப்பு மலைபோல மிஞ்சுகிறது.

ஒரு டீ-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த எண்ணை நான் ரொம்ப நம்புவதில்லை. மானாவாரியில் விளைந்த பருத்திக்கும் ஆழ்துளைக் கிணற்றில் விளைந்த பருத்திக்கும் ஒரே கணக்குச் செல்லாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. ஒரு உடையின் கரியமிலக் கணக்கில் நூற்பு, நெசவு, சாயம் ஆகியவையே பெரும்பங்கு; வெட்டித் தைக்கும் வேலையின் பங்கு பத்தில் ஒன்றுகூட வராது. உலகில் 2023இல் உற்பத்தியான இழை சுமார் 12.4 கோடி டன். அதில் பாதிக்குமேல் பாலியஸ்டர், ஐந்தில் ஒரு பங்குதான் பருத்தி. உடையாகப் போனதில் மறுபடியும் உடையாகத் திரும்பி வருவது நூற்றில் ஒன்றுக்கும் கீழே என்று எலன் மக்ஆர்தர் ஃபவுண்டேஷன் 2017இல் கணக்குப் போட்டது.

ஆகவே பூமியின் கணக்கில் துணிதான் விலை உயர்ந்தது, தையல் மலிவு. கடைக் கணக்கு தலைகீழ். 250 ரூபாய் நைட்டிக்கு 60 ரூபாய் கொடுத்து ஆல்டரேஷனா என்று யோசிக்கிறோம். வீட்டில் ஊசி பிடிக்கத் தெரிந்தால் இந்தத் தலைகீழ்க் கணக்கிலிருந்து வெளியே வந்துவிடலாம். வீட்டுத் தையலைச் சுற்றுச்சூழலோடு சேர்த்துப் பேசுவதற்கு எனக்குத் தெரிந்த வலுவான நியாயம் இது ஒன்றுதான்.

இந்த நியாயத்தை யாரும் சொல்லித்தராமலே நம் ஊர் ரவிக்கை கடைப்பிடித்து வந்திருக்கிறது. தைத்து வாங்கிய ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலுக்கு அப்பால் ஒன்று ஒன்றரை அங்குலத் துணி மடிந்து கிடக்கும். அதன்மேல் கால் அங்குல இடைவெளியில் இணையாக இரண்டு மூன்று தையல்கள் ஓடும். உடம்பு கொஞ்சம் பெருத்தால் முதல் தையலைப் பிரித்துவிட வேண்டியது, இரண்டாவது தையல் தயாராக இருக்கிறது. கல்யாணத்துக்குத் தைத்த பட்டு ஜாக்கெட் பிள்ளைக்குக் காது குத்தும்போதும் ஏறுவது இப்படித்தான். சிறுமிகளின் பட்டுப்பாவாடையில் அடியில் டக் பிடித்துத் தைப்பதும் இதே யுக்தி. வருஷத்துக்கு ஒரு டக் பிரித்துவிட்டால் பாவாடையும் பிள்ளையோடு வளரும். பிரித்த இடத்தில் ஒரு கோடு அடர்நிறமாகத் தெரியும். மடிப்புக்குள் இருந்ததால் வெயிலின் புறஊதாக் கதிர் அங்கே சாயத்தை உடைக்கவில்லை. அடுத்தடுத்து நாலு கோடு தெரிந்தால் அந்த வீட்டில் கணக்குத் தெரிந்த பாட்டி இருக்கிறார் என்று அர்த்தம்.

ரெடிமேடில் இது ஏன் இல்லை? இரண்டு காரணங்கள். தையற்கடையில் துணி வாடிக்கையாளருடையது. தையற்காரர் அதை மிச்சம் பிடித்தால் அவருக்கு லாபம் இல்லை, அதனால் உள்ளே விட்டுவிடுகிறார். ஆலையில் துணி முதலாளியுடையது. உடையின் அடக்கவிலையில் பெரும்பகுதியும் அதுதான். ஓரத்துக்கு ஓர் அங்குலம் விட்டால் பத்தாயிரம் உருப்படிக்கு என்ன ஆகும் என்று அவர் கணக்குப் பார்ப்பார். இரண்டாவது காரணம் ஓவர்லாக் மெஷினிலேயே இருக்கிறது. அதில் ஊசிக்கு முன்னால் ஒரு கத்தி உண்டு. தைத்துக்கொண்டு போகும்போதே ஓரத்தை அது சீவித் தள்ளிவிடும். மிஞ்சுவது ஆறேழு மில்லிமீட்டர். அதற்குமேல் பிரித்துவிட எதுவும் இல்லை. வீட்டில் தைப்பவர் அந்தக் கத்தியைப் பயன்படுத்தாமல், துணியின் ஓரத்தை மட்டும் தனியே ஜிக்ஜாக் அடித்து நூல் பிரியாமல் செய்துவிட்டு, அகலமாக விட்டு நேர்த்தையல் போட்டால் போதும்.

பிரித்துத் தைக்கும்போது பழைய தையலின் துளைகள் தெரியுமே என்றால், துணியைப் பொறுத்தது. டூ பை டூ ரூபியா போன்ற பருத்தியில் ஒரு தடவை நனைத்து இஸ்திரி போட்டால் நூல்கள் நகர்ந்து துளையை மூடிவிடும். ஊசி நூல்களை விலக்கிக்கொண்டு போயிருக்கும், அறுத்திருக்காது. நெருக்கமாக நெய்த பட்டிலும் பாலியஸ்டர் சாட்டினிலும் தடம் நிற்கும். ஊசி நம்பர் இங்கே முக்கியம். 14 என்று நாம் வாங்கும் ஊசியின் பெட்டியில் 90 என்றும் போட்டிருக்கும். ஊசித்தண்டின் குறுக்களவு 0.90 மில்லிமீட்டர் என்று பொருள். 18 என்றால் 1.10. மெல்லிய துணியில் 18ஆம் நம்பர் ஊசியால் பொடிப்பொடியாகத் தைத்தால் தபால்தலை ஓரம்போல வரிசையாகத் துளை விழுந்து, அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். தையல் அழுத்தமாக இருக்கட்டும் என்று நெருக்கித் தைப்பவர்கள் செய்வது பல சமயம் இதைத்தான்.

நூல் விஷயத்திலும் இதே தவறு நடக்கிறது. தைக்கும் நூல் துணியைவிடக் கொஞ்சம் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். கேட்க விநோதமாக இருக்கும். குனிந்து நிமிரும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தே தீர வேண்டும் என்றால், அது நூலாக இருக்கட்டும். பத்து நிமிஷத்தில் மறுபடி ஓட்டிவிடலாம். மல் துணியில் முரட்டுப் பாலியஸ்டர் நூலைப் போட்டால் நூல் அறாது, துணியை அறுக்கும். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பதும் இந்தச் சிந்தனைதான். தரையிலும் செருப்பிலும் உரசித் தேய வேண்டியது ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சேலை அல்ல, அடியில் வைத்த மலிவான பட்டை. தேய்ந்தால் பிரித்து வேறு வைத்துக்கொள்ளலாம்.

உடை பயன்படாமல் போவதற்குக் கிழிசலைவிடப் பெரிய காரணம் பொருத்தமின்மை. பீரோவில் தொங்கும் சட்டைகளில் பாதி அங்கேயே தொங்குவது தோளில் தூக்குவதாலோ கையைத் தூக்கினால் பிடிப்பதாலோதான். தட்டையான துணியை வளைந்த உடம்புக்குப் போர்த்துவது உண்மையில் ஒரு கணிதச் சிக்கல். நெய்த துணியைப் பாவு வாக்கில் இழுத்தால் அசையாது. ஊடை வாக்கில் இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும். மூலைவாக்கில் இழுத்தால் தாராளமாக நீளும். அங்கே எந்த நூலும் நீளவில்லை. பாவும் ஊடையும் சேர்ந்த குட்டிச் சதுரங்கள் சாய்ந்து சாய்சதுரங்களாகின்றன, நூல்களுக்கு இடையிலான கோணம் மட்டும் மாறுகிறது. ரஷ்யாவின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான பஃப்னூதி செபிஷேவ், 1878இல் பாரிஸில் நடந்த ஓர் அறிவியல் மாநாட்டில் உடை வெட்டுவதைப் பற்றித்தான் பேசினார். நூல் நீளாமல், கோணத்தை மட்டும் மாற்றி ஒரு துணியால் பந்தை எப்படி மூடுவது என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அந்த வகை வலைக்கு இன்றும் அவர் பெயர்தான். பெரிய கண்ணாடிக் கூரைகளைத் திட்டமிடும் கட்டடக்கலைஞர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

செபிஷேவைக் கேள்விப்படாத நம் தையற்காரர்கள் அதே விடையைக் 'கிராஸ் கட்' என்கிறார்கள். ரவிக்கையின் முன்பாகத்தைத் துணியில் மூலைவாக்கில் வைத்து வெட்டினால், டாட் அதிகம் பிடிக்காமலே உடம்போடு படியும். நேராக வெட்டினால் டாட் பிடித்தாக வேண்டும். துணியில் ஒரு ஆப்பு வடிவத்தை மடித்து மறைத்தால்தான் தட்டை கூம்பாகும். கழுத்துக்குப் பைப்பிங் வைக்கும் பட்டையைக் கிராஸாக மட்டுமே வெட்டுவதும் வளைவைச் சுற்றும்போது வெளி ஓரம் நீண்டு உள் ஓரம் சுருங்க வேண்டும் என்பதால். கிராஸ் கட்டுக்குத் துணி கூடுதலாகும், மூலைகளில் முக்கோணத் துண்டுகள் மிஞ்சும். அந்த முக்கோணங்கள்தான் பைப்பிங் பட்டையாகின்றன.

அளவெடுப்பு, வெட்டு, தையல் எல்லாம் சரியாக இருந்தும் முதல் சலவையில் பாழாகும் உடைகள் உண்டு. தறியில் பாவு விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். முதல்முறை நனையும்போது அந்த விறைப்பு தளர்கிறது. கூடவே, பருத்தி இழை தண்ணீரைக் குடித்துப் பருக்கிறது. நீளத்தில் அவ்வளவாக மாறுவதில்லை, குறுக்கே பெருக்கிறது. பருத்த ஊடை நூல்களை ஏறி இறங்கிக் கடக்கப் பாவு நூலுக்குக் கூடுதல் நீளம் தேவை. நீளம் எங்கிருந்தும் வராது என்பதால் ஊடைகள் ஒன்றையொன்று நெருங்கி வந்துவிடுகின்றன, துணி நீளவாக்கில் குறைகிறது. காய்ந்த பிறகும் பழையபடி விலகாது. லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமல் தைத்த ரவிக்கை சலவைக்குப் பின் சுருக்கம் சுருக்கமாக நிற்பது இதனால்தான்: மேல்துணி அதே அளவில் இருக்க, உள்துணி மட்டும் குறைந்துவிட்டது. கோடித் துணியைப் பழைய உடையில் ஒட்டுப்போடக் கூடாது என்ற உவமை பைபிளில் வருகிறது. இழுவிசை பற்றிய மிகச் சரியான கவனிப்பு அது. 1930இல் சான்ஃபோர்டு குளூயட் என்ற அமெரிக்கர் துணியை ஆலையிலேயே அழுத்திச் சுருக்கிவிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சில துணிகளின் கரையில் 'சான்ஃபரைஸ்டு' என்று முத்திரை இருப்பது அவர் பெயரால். முத்திரை இல்லாத பருத்தியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு ஊறவைப்பதே நல்லது.

ஓட்டையை அடைப்பதில் இரண்டு வழிகள். ஒட்டுப் போடுவது முரட்டு வேலை, சீக்கிரம் முடியும். இழையோட்டி அடைப்பது சின்னத் தறி வேலை: இல்லாமல் போன பாவையும் ஊடையையும் ஊசியாலேயே திரும்ப நெய்வது. பலர் ஓட்டையின் விளிம்பிலிருந்து தொடங்குகிறார்கள், அது நிற்பதில்லை. விளிம்பைச் சுற்றியுள்ள துணியும் ஏற்கெனவே நைந்துதான் இருக்கும், கண்ணுக்கு மட்டும் முழுசாகத் தெரியும். ஒரு சென்டிமீட்டராவது தள்ளி, உறுதியான துணியில் ஓட்டுத்தையலாக ஆரம்பித்து, ஓட்டையைக் கடந்து, மறுபக்கமும் அதே தூரம் போக வேண்டும். திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நூலை இறுக்காமல் பொடிக் கண்ணி ஒன்று விட வேண்டும். புது நூல் சுருங்கும்போது அந்தக் கண்ணி இடங்கொடுக்கும். பிறகு குறுக்கே, ஒன்று மேல் ஒன்று கீழ் என்று ஊடை ஓட்டலாம். இதற்கு நூல் எங்கே கிடைக்கும் என்றால், அதே உடையின் உள்ளே விட்ட துணியில். நிறம், தடிமன், முறுக்கு எல்லாம் அச்சாகப் பொருந்தும் நூல் வேறெங்கும் கிடைக்காது. ரஃபூ எனும் இந்த இழையோட்டும் வேலை செய்பவர்கள் கேட்காமலே உள்மடிப்பிலிருந்து நாலு இழையை உருவி எடுப்பது அதற்குத்தான். வங்காளத்தின் காந்தா மெத்தையும் இந்த வழி வந்ததே. நைந்த சேலைகளை அடுக்கி, பழைய சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் போட்டார்கள்.

காலர் மடிப்பில் நைந்த சட்டைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. காலரைக் கழுத்துப்பட்டியிலிருந்து பிரித்து, புரட்டி வைத்துத் தைத்தால் நைந்த பக்கம் அடியில் போய்விடும். சட்டைக்கு இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆயுள். நடுவில் மெலிந்த படுக்கை விரிப்பை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, திடமான இரு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து மூட்டுவது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு நடந்தது. அங்கே 1941 ஜூன் முதல் 1949 வரை துணிக்கு ரேஷன். ஒட்டுப்போடவும் பிரித்துத் தைக்கவும் கற்றுத்தரும் கையேட்டை அரசே 1943இல் வெளியிட்டது. அதே அரசு துணி மிச்சமாகட்டும் என்று ஆண்களின் பேண்ட் அடிமடிப்புக்குத் தடையும் போட்டது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? நீளமான பேண்ட்டாக வாங்கி வீட்டில் மடித்துக்கொண்டார்கள்.

துணி எடுக்கும்போது பார்க்க வேண்டியதும் உண்டு. இழை என்னவென்று சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, தட்டின்மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தியும் ரேயானும் காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கும் நாற்றம். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து அது பயப்படுவதும், ஒருமுறை சூட்டில் வைத்த மடிப்பை அது விடாமல் வைத்திருப்பதும் இந்தக் குணத்தால்தான். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு ஈரம் வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம். சித்திரை மாதத்துப் பேருந்தில் இந்த வித்தியாசத்துக்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை. பாலியஸ்டர், அக்ரிலிக் துணிகள் சலவையில் இழை உதிர்க்கவும் செய்கின்றன. பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சம் நுண்ணிழைகளுக்குமேல் வெளியேறலாம் என்று கண்டார்கள்.

இப்போது குர்த்திக்கும் நைட்டிக்கும் எங்கும் ரேயான். தொட்டால் குளிர்ச்சி, விழும் அழகும் நன்றாக இருக்கும். ஆனால் நனைந்தால் அதன் பலத்தில் பாதிவரை போய்விடும். பருத்தி நனைந்தால் இன்னும் பலம் பெறும். கல்லில் அடித்துத் துவைத்தும் முறுக்கிப் பிழிந்தும் பழகிய நம் கைக்கு ரேயான் நாலே மாதத்தில் தோற்பதில் ஆச்சரியமில்லை. பருத்தி என்று முடிவானால் நூலைப் பாருங்கள். டூ பை டூ என்பதில் பாவிலும் ஊடையிலும் இரண்டு இழைகளை முறுக்கிச் சேர்த்த நூல். ஒன்றின் மெலிந்த இடத்தை இன்னொன்று ஈடுகட்டுவதால் சீராக உழைக்கும். இழை நீளமாக இருந்தால் நூலிலிருந்து வெளியே துருத்தும் முனைகள் குறைவு, பஞ்சு பஞ்சாகப் புடைப்பதும் குறைவு. கோவையில் உருவாக்கி 1974இல் வெளியிட்ட சுவின் ரகப் பருத்தி அந்த வகை.

வீட்டுத் தையலைப் புகழ்கிற யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மெஷின் வாங்கிய உற்சாகத்தில் கட் பீஸ் கடைகளில் மூட்டை மூட்டையாக வாங்கி அலமாரியில் அடுக்கினால், துணியின் கணக்கு ரெடிமேட் வாங்கியதைவிட மோசமாகும். புதுத்துணியை எங்கே தைத்தாலும் பருத்தி, சாயம், உப்பு எல்லாம் அதே அளவுதான் செலவாகியிருக்கும். மெஷினின் மின்சாரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மோட்டார் 100 வாட்டுக்குள், பக்கத்தில் சூடாகும் இஸ்திரிப் பெட்டி 750 வாட்டுக்குமேல். காலால் மிதிக்கும் மெஷினுக்கு அதுவும் இல்லை. உடை உண்மையிலேயே நீண்டு உழைப்பதும் இன்னொரு உடையை வாங்காமல் தவிர்ப்பதும் நடந்தால்தான் கணக்கில் வரவு.

ஊசியால் ஆகாதவையும் உண்டு. அவற்றில் முக்கியமானது, ஜீன்ஸிலும் லெக்கின்ஸிலும் இரண்டு முதல் ஐந்து சதவீதம் கலந்திருக்கும் எலாஸ்டேன். நாம் லைக்ரா என்று சொல்வது. ஜீன்ஸில் நூலின் நடுவில் ரப்பர்போல அது ஓட, மேலே பருத்தி சுற்றியிருக்கும். வெந்நீர், குளோரின், அதிகச் சூடு, தொடர்ந்த இழுவை எல்லாம் சேர்ந்து அதைத் தளர்த்தி அறுக்கும்போது, முழங்கால் பை போலத் தொங்கும், துணியிலிருந்து பொடிப்பொடியாக வெள்ளை மயிர் நீட்டிக்கொண்டு நிற்கும். நூலுக்குள் போய் அதை மாற்ற யாராலும் முடியாது. கிழியாமலே செத்துப்போன துணி அது. துண்டுத் துணியை மறுபடி நூலாக்கும் இடத்திலும் லைக்ராவைத் தனியாகத்தான் பார்க்கிறார்கள். திருப்பூரில் வெட்டி விழும் பனியன் துண்டுகளை நிறம்பிரித்து, பஞ்சாகப் பிய்த்து, ஓஇ எனப்படும் ஓப்பன் எண்ட் நூற்பு மில்களில் திரும்ப நூற்கிறார்கள். சிவப்புத் துண்டிலிருந்து சிவப்பு நூலே வருவதால் மறுபடி சாயத்தொட்டிக்குப் போக வேண்டியதில்லை. பிய்க்கும்போது இழை குட்டையாகும் என்பதால் போர்வை, தரைத்துடைப்பான், கையுறை போன்ற தடித்த சரக்குதான் ஆகும். அங்கேயும் தூய பருத்தித் துண்டுக்கு ஒரு விலை, லைக்ரா கலந்த துண்டுக்கு வேறு விலை.